தாத்தா பாட்டிக்கு வாங்கும் பாக்கெட்... பின்பக்கம் திருப்பிப் பார்த்தீர்களா?

வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. அந்தக் காலத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம், நாலு சாத்துக்குடி. இப்போது? ஹெல்த் டிரிங்க் டப்பா, 'டைஜஸ்டிவ்' பிஸ்கட், மசாலா ஓட்ஸ், 'சுகர் ஃப்ரீ' ஸ்வீட் பாக்ஸ்! திருச்செங்கோட்டில் வைகாசி விசாகத் தேர் முடிந்த கையோடு வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். வெளியூர்ப் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் அன்போடு வாங்கி வந்த பாக்கெட்டுகள் வரிசையாக நிற்கும்.

ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வடநாட்டில் இருக்கும் மகன் ஊர் திரும்பும்போது, "அப்பாவுக்குச் சத்து வேணும்" என்று இருப்பதிலேயே பெரிய டப்பாவாகப் பார்த்து வாங்கி வருகிறார். அன்பில் குறையில்லை. ஆனால், அந்த அப்பாவுக்கு பி.பி. இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, கிட்னி எப்படி இருக்கிறது என்பது டப்பாவுக்குத் தெரியாது. வீட்டில் இருந்து கவனித்துக்கொள்கிற உங்களுக்குத்தான் தெரியும். அதனால் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கும் வேலையும் உங்கள் தலையில்தான்!

இதில் ஒரு சங்கடம் உண்டு. லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதுதான் சட்டம். தமிழிலும் போடலாம், போட்டே தீர வேண்டும் என்பதில்லை. தினமும் பேப்பரை வரி விடாமல் படிக்கிற தாத்தாவால்கூட தான் சாப்பிடும் பிஸ்கட்டில் என்ன இருக்கிறது என்று படிக்க முடியாமல் போவது இதனால்தான். எழுத்தோ கடுகு சைஸ்! கவலை வேண்டாம். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. நாலைந்து வார்த்தைகள் பழகிவிட்டால் போதும். எழுத்து தெரியவில்லையா? செல்போனில் ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதல் கேள்வி: யாருக்காக வாங்குகிறீர்கள்?

லேபிளைப் படிக்கும் முன், சாப்பிடப்போகிறவரின் உடம்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு, கால் வீக்கம் உள்ளவர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது 'சோடியம்'. சர்க்கரை நோய் என்றால் 'கார்போஹைட்ரேட்', 'ஆடட் சுகர்' என்ற இரண்டு வரிகள். கிட்னி கோளாறு என்றால் சோடியத்தோடு, மூலப்பொருள் பட்டியலையும் ஒரு வரி விடாமல் பார்க்க வேண்டும். ஆள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறாரா? அவருக்கு 'புரோட்டீன்' வரி முக்கியம். ஒரே வீட்டில் தாத்தாவுக்கு நல்லது பாட்டிக்கு ஆகாமல் போகலாம்.

உப்பு என்று எழுதியிருக்காது!

"எங்க மாமியாருக்கு நான் உப்பைப் பாதியாக் கொறச்சுட்டேனுங்க. அப்படியும் பி.பி. எறங்க மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. சமையலில் குறைத்த உப்பு பாக்கெட் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். லேபிளில் உப்புக் கணக்கு இருக்காது, 'சோடியம்' என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வந்துவிடும். 2,000 மி.கி. சோடியம் என்றால் 5 கிராம் உப்பு. நாள் முழுவதுக்குமான கோட்டா!

ஒரு சின்னக் கணக்கு. சூப் பாக்கெட்டிலோ மசாலா நூடுல்ஸ் பாக்கெட்டிலோ 100 கிராமுக்கு 1,200 மி.கி. சோடியம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாக்கெட் 70 கிராம். முழுப் பாக்கெட்டையும் சாப்பிட்டால் 840 மி.கி. உப்புக் கணக்கில் இரண்டு கிராமுக்கு மேல். இதோடு ஓர் அப்பளம், ஒரு துண்டு ஊறுகாய், சாயங்காலம் டீக்கு நாலு உப்பு பிஸ்கட் என்று சேர்த்துப் பாருங்கள். குழம்பில் உப்பைக் குறைத்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

இனிக்கிற பண்டத்திலும் சோடியம் உண்டு. ரஸ்க், கேக், பன் இவற்றில் சேர்க்கும் சமையல் சோடா, பேக்கிங் பவுடர், கெடாமல் இருக்கப் போடும் சோடியம் பென்சோயேட், ருசிக்குப் போடும் மோனோசோடியம் குளூட்டமேட் எல்லாமே சோடியம்தான். நாக்குக்கு உப்புக் கரிக்காது. உடம்பு கணக்கு வைத்துக்கொள்ளும். தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் மாத்திரைகள், வயிற்று உப்புசத்துக்குக் குடிக்கும் பொங்கும் பவுடர் இவற்றிலும் சோடியம் கணிசமாக இருக்கும். இதயம் பலவீனமானவருக்கு இவற்றை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

'லோ சோடியம்' உப்பு... உஷார்!

கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கிறார்கள். பி.பி.க்கு நல்லதுதானே? பலருக்கு நல்லதுதான். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே இத்தகைய உப்புக்கு மாறுவது பற்றி ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆனால், கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கு அந்த யோசனை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது.

காரணம், சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. வேலை செய்யாத கிட்னியால் கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஏற வாய்ப்புண்டு. எனவே மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு, அப்புறம் உப்பை மாற்றுங்கள்.

இன்னொரு விஷயம். நம் நாட்டு லேபிள்களில் பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவைப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் மூலப்பொருள் பட்டியலில் 'பாஸ்பேட்' என்ற வார்த்தையையும், ஐ.என்.எஸ். எண்களில் 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை உள்ளவற்றையும் தேட வேண்டும். இவை பாஸ்பேட் வகைகள். 508 என்றால் பொட்டாசியம் குளோரைடு. இந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டால் கடையில் திண்டாட வேண்டாம்.

'சுகர் ஃப்ரீ' என்றால் சர்க்கரை ஏறாதா?

100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் 'சுகர் ஃப்ரீ' என்று போட்டுக்கொள்ள விதி அனுமதிக்கிறது. பொய் சொல்லவில்லை. ஆனால், அந்த பிஸ்கட்டில் மைதா இருக்கிறதே! மைதா வயிற்றுக்குள் போனதும் குளூக்கோஸாகத்தானே மாறுகிறது? அதனால்தான் சர்க்கரை நோயாளிக்கு 'சுகர்' வரியை மட்டும் பார்த்தால் போதாது. மேலே உள்ள 'கார்போஹைட்ரேட்' வரியையும் பாருங்கள். 100 கிராமுக்கு 65 கிராம் என்றிருந்தால், அந்த பிஸ்கட்டில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து.

சேலம், நாமக்கல் பக்கம் உடம்பு சரியில்லை என்றால் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்போம். எளிதில் ஜீரணமாகும் என்பது சரி. ஆனால் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, புரோட்டீன் பெயருக்குத்தான். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு அதை அளவோடு கொடுங்கள்.

சர்க்கரைக்கு ஊருக்கு ஒரு பெயர் உண்டு. சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், லிக்விட் குளூக்கோஸ், இன்வெர்ட் சிரப், கார்ன் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் எல்லாம் சொந்தக்காரர்கள்தான். 'மால்ட்டோடெக்ஸ்ட்ரின்' நாக்குக்கு அவ்வளவாக இனிக்காது; ரத்தச் சர்க்கரையை மட்டும் வேகமாக ஏற்றிவிடும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் என்று போட்டிருந்தாலும் ரத்தத்தைப் பொறுத்தவரை அதுவும் சர்க்கரைதான்.

'சுகர் ஃப்ரீ' ஸ்வீட்டில் மால்டிடால், சார்பிடால் என்று இருந்தால், கூடுதலாகச் சாப்பிட்டவருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். வயதானவருக்கு இரண்டு முறை வயிற்றோட்டம் போனாலே ஆள் தளர்ந்துவிடுவார்.

முக்கியமான ஒன்று. இன்சுலின் போடுகிறவருக்கோ சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ திடீரென்று வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது பதற்றத்தில் கைக்குக் கிடைத்த 'சுகர் ஃப்ரீ' மிட்டாயையோ 'டயட்' கூல்டிரிங்ஸையோ கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு உதவாது. நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சாதாரணச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

முன்பக்கம் ராகி... பின்பக்கம் மைதா!

மூலப்பொருள் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் படம், 'ராகி பிஸ்கட்' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் முதல் பெயர் 'ரிஃபைண்ட் வீட் ஃபிளவர்', அதாவது மைதா. அடுத்தது சர்க்கரை, அதற்கடுத்தது பாமாயில். ராகி எங்கே? தேடிப் பிடித்தால் பக்கத்தில் ஒரு சதவீதம் இருக்கும். எந்தப் பொருளைப் பெருமையாகச் சொல்கிறார்களோ, அது எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

ஹெல்த் டிரிங்க்: பெயரில் மட்டும்தானா?

2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணையத்தில் பொருள் விற்கும் நிறுவனங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவிலிருந்து நீக்குங்கள் என்றது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம். நாம் வருஷக்கணக்காகச் சொல்லி வந்த பெயருக்குச் சட்டத்தில் இடமே இல்லை!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டப்பாவில் 100 கிராமுக்கு ஆடட் சுகர் 30 கிராம், புரோட்டீன் 8 கிராம் என்று இருந்தால், ஒரு வேளைக்கு 30 கிராம் பவுடர் கலக்கும்போது கிடைப்பது 9 கிராம் சர்க்கரை, இரண்டரை கிராமுக்கும் குறைவான புரோட்டீன். அதே சமயம் ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரோட்டீன். ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவு. நம்முடையதோ முட்டைக்குப் பேர் போன நாமக்கல் மாவட்டம்! டாக்டர் தடை சொல்லாதவரை ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் பாசிப்பருப்பு என்று கொடுத்தால் செலவும் குறைவு, சத்தும் கூடுதல். முட்டை சாப்பிடாத வீடுகளில் பருப்பும் தயிரும் கைகொடுக்கும்.

லேபிளில் 'ஒரு நாள் தேவையில் இத்தனை சதவீதம்' என்று போட்டிருப்பார்கள். அது நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஆளுக்கான கணக்கு. வீட்டுக்குள்ளேயே நடமாடும் நாற்பது கிலோ பாட்டிக்கு அந்த அளவு சாப்பாடு செல்லாது. அவருக்கு அந்தச் சதவீதம் இன்னும் கூடுதல்தான்.

ஓ.ஆர்.எஸ். என்று கேட்டு வாங்கியது ஓ.ஆர்.எஸ்.தானா?

வயதானவர்களுக்கு தாகம் சரியாகத் தெரியாது. வெயில் காலத்தில் வயிற்றோட்டம் வந்துவிட்டால் சீக்கிரமே உடம்பில் நீர் வற்றிவிடும். அந்த நேரத்தில் உயிர் காப்பது ஓ.ஆர்.எஸ். ஆனால், பல ஆண்டுகளாக இனிப்புப் பானங்கள் சில அட்டைப் பெட்டியில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைத் தாங்கி மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து எட்டு ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போடக் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் குளூக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். இதைவிடச் சர்க்கரை பல மடங்கு கூடினால் வயிற்றோட்டம் அதிகமாகவும் கூடும்.

உண்மையான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டிலும் ஒன்று படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கானது ஒன்று, 200 மில்லி தண்ணீருக்கானது ஒன்று என இரண்டு அளவில் வருகின்றன. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு விபரீதமாகக் கூடிவிடும். இதயம், கிட்னி கோளாறு உள்ளவர் என்றால் எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் போனிலாவது கேளுங்கள்.

தேதியும் எண்ணும்

'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' தேதி தாண்டியதைத் தூக்கிப் போடுங்கள். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது சுவையும் தரமும் நன்றாக இருக்கும் கெடு. இரண்டுமே பாக்கெட்டைப் பிரிக்காதவரைக்கும்தான். பிரித்த பிறகு காற்றும் ஈரமும் புகுந்துவிடும். "காசு குடுத்து வாங்குனது, வீணாக்கலாமா?" என்று பெரியவர்கள் பத்திரப்படுத்துவார்கள். பிரித்த தேதியை டப்பாவின் மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். பூஞ்சை பிடித்த நிலக்கடலையை மட்டும் வறுத்தாலும் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அதில் உண்டாகும் நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும்.

உணவு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' என்ற ஆணையத்தின் செயலியில் அதைத் தட்டிச் சரிபார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். அந்த எண், தொழில் நடத்த அனுமதி உண்டு என்பதற்கு அடையாளம். உடம்புக்கு நல்லது என்று யாரும் கொடுத்த நற்சான்று என்று எண்ணிவிடாதீர்கள்.

லேபிளே இல்லாவிட்டால்?

பேக்கரி ரஸ்க், மிக்சர், முறுக்கு, சந்தையில் வாங்கும் வத்தல், கருவாடு இதற்கெல்லாம் லேபிள் ஏது? உப்பும் எண்ணெயும் கூடுதல் என்றே வைத்துக்கொண்டு கொஞ்சமாகக் கொடுங்கள். வீட்டில் அரைத்த சத்து மாவுக்கு நீங்களே ஒரு லேபிள் போடலாமே! என்னென்ன சேர்த்தது, என்றைக்கு அரைத்தது, யாருக்கு என்று தமிழில், பெரிய எழுத்தில். கண் மங்கிய பெரியவருக்கும் படிக்க வரும். நீங்கள் இல்லாத நேரத்தில் வேறு யார் எடுத்துக் கொடுத்தாலும் தவறு நடக்காது.

கட்டுப்பாடு கூடினாலும் ஆபத்து!

இதைப் படித்துவிட்டு நாளைக்கே அலமாரியைக் காலி செய்துவிடாதீர்கள். வயதானால் நாக்கில் ருசி மங்கும், பசி குறையும். உப்பு கூடாது, இனிப்பு கூடாது, எண்ணெய் கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் அவர் சாப்பாட்டையே வெறுத்துவிடுவார். "எனக்கு ஒண்ணும் வேண்டாங் கண்ணு, டீயும் ரஸ்க்கும் இருந்தாப் போதும்" என்று ஒதுங்கிவிடுவார். அதுதான் பெரிய நஷ்டம். எடை குறைந்து, தசை கரைந்து, பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்தால் எழுப்பி நிறுத்துவது லேசில்லை.

2020-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரோட்டீன் தேவை. நாற்பது கிலோ பாட்டிக்கு 33 கிராம். டீயும் ரஸ்க்கும் அதில் கால்வாசிக்குக்கூட வராது. கிட்னி நோயாளிக்கு மட்டும் டாக்டர் சொல்லும் அளவே சரி.

உப்பை அறவே நிறுத்துவதும் தப்பு. நீர் பிரிய மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு ரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கிவிட்டால் மயக்கமும் மனக்குழப்பமும் வரும். 'வயசாயிடுச்சு, உளறுகிறார்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

நீங்கள் மட்டும் படித்துவிட்டு, "இது உங்களுக்கு ஆகாதுங்க மாமா" என்று பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து லேபிளைத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். "நாலு பிஸ்கட்டுல இத்தனை உப்பு இருக்குதுங்க. ரெண்டு சாப்பிடலாமுங்களா?" என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். தறி ஓட்டியும் காடு உழுதும் குடும்பத்தை நடத்தியவர்களுக்குக் கணக்குப் புரியாதா என்ன?

கடையில் நின்று படிக்க ஒரு நிமிடம்:

1. மூலப்பொருள் பட்டியலில் முதல் மூன்று பெயர்கள் என்ன?

2. சோடியம் 100 கிராமுக்கு எவ்வளவு? 120 மி.கி.க்குள் என்றால் 'லோ சோடியம்' வகை. இரண்டு பிராண்டுகளை ஒப்பிட்டுக் குறைவானதை எடுங்கள்.

3. கார்போஹைட்ரேட், ஆடட் சுகர் இரண்டையும் பாருங்கள். 5 கிராம் சர்க்கரை சுமார் ஒரு டீஸ்பூன்.

4. புரோட்டீன் எவ்வளவு? ஒரு முட்டையோடு ஒப்பிடுங்கள்.

5. கணக்கு 100 கிராமுக்கா, 'ஒரு சர்விங்'குக்கா? அவர் நிஜமாகச் சாப்பிடும் அளவுக்கு மாற்றிப் பாருங்கள்.

6. கிட்னிக் கோளாறு என்றால் பாஸ்பேட், பொட்டாசியம் உண்டா?

7. தேதி சரியா, 14 இலக்க எண் இருக்கிறதா?

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு, தினமும் கொடுக்கும் பவுடர் டப்பாவின் பின்பக்கப் போட்டோவையும் எடுத்துப் போங்கள். 'இதைக் கொடுக்கலாமா டாக்டர்?' என்று அங்கேயே கேட்டுவிட்டால் வீட்டில் வீண் சந்தேகம் வராது, பெரியவர்களுக்கும் நிம்மதி!